ஆஸ்டரின் பின்சீட்டில் இரண்டு பேர்

கண்ணை மூடிக்கொண்டு நின்றாலே போதும், தலைக்கு மேலே பறப்பது எந்த விமானம் என்று ஹெட்டி பர்கின்ஷா சொல்லிவிடுவாள். அன்றைக்கும் காரை நிறுத்தி இறங்கியதும் அதைத்தான் செய்தாள். தார்ன்பி ஃபென் விமானத் திடலின் வேலிக்கு அப்பால் எதுவோ தாழ இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் கரகரவென்று இருந்தாலும் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது.

"சிப்மங்க்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணைத் திறந்தாள். சிப்மங்க்தான். வெள்ளி உடம்பும் சிவப்பு மூக்குமாக வேலியைத் தாண்டி வந்து, புல்லில் ஒரு துள்ளு துள்ளி, பிறகு சமர்த்தாக ஓடி நின்றது. ஹெட்டி நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். அறுபதைத் தாண்டிய பிறகும் அந்தக் குதிப்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

ஷெஃபீல்டில் வேலைக்காலம் முழுக்கப் பேருந்து ஓட்டியவள் அவள். நாற்பது வயது நெருங்கும்போது விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நண்பர்களோடு சேர்ந்து பீகிள் பப் என்ற சின்ன விமானம் ஒன்று வைத்திருந்தாள். ஓய்வு பெற்றதும், லிங்கன்ஷயரில் தனியாக இருந்த தங்கையின் வீட்டோடு வந்து சேர்ந்துகொண்டதில் பப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. போன இலையுதிர் காலத்துக்குப் பிறகு அவள் கால் தரையை விட்டு எழும்பவில்லை. உரிமம் செல்லுபடியாகத்தான் இருந்தது, ஓட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. பழைய பிரிட்டிஷ் விமானங்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை தார்ன்பியில் கூடும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, குழந்தை கிறிஸ்துமஸுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள்.

தேநீர்க் கூடாரத்தின் வாசலில் ஒரு குட்டையான பெண்மணி கையில் கரண்டியோடு வழிமறித்தாள். இங்கே சமையல், கணக்கு, போட்டிகளுக்குத் தீர்ப்பு எல்லாம் அவள்தான். பெயர் நெரிஸ். வேல்ஸிலிருந்து கல்யாணமாகி வந்தவள்.

"புதுமுகமா இருக்கே! எதுல வந்தீங்க?"

"கார்ல."

"அடப் பாவமே!" என்றாள் நெரிஸ், உண்மையான வருத்தத்தோடு. "சரி, பரவாயில்ல, உள்ள வாங்க. பன்றிக்கறி ரொட்டி சூடா இருக்கு. கார்ல வந்தவங்களுக்கும் உண்டு."

ஹெட்டி ரொட்டியை வாங்கிக்கொண்டு வரிசையைப் பார்க்கப் போனாள். மஞ்சள் இறக்கைகளோடு மூன்று டைகர் மாத், மூன்று வால்கொண்ட ஒரு மைல்ஸ் மெசஞ்சர், தான் விட்டுவந்ததைப் போலவே ஒரு பப். அதன் மூக்கை யாரும் பார்க்காதபோது தடவிக்கொடுத்தாள். எண்ணெயும் நனைந்த புல்லும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனையை மூச்சு முட்ட இழுத்தாள். வரிசையின் கோடியில் ஓர் ஆஸ்டர் நின்றது. தோளுக்கு மேலே இறக்கை, தடித்த வயிறு, முட்டி மடக்கியதுபோன்ற கால்கள். சிவப்பும் கிரீமுமாக வர்ணம். ஹெட்டி அப்படியே நின்றுவிட்டாள். சின்ன வயதில் அவளை முதன்முதலாக மேலே தூக்கிப் போனது அதே நிறத்தில் ஓர் ஆஸ்டர்தான்.

அதற்குள் வடக்கேயிருந்து கருமேகம் திரண்டு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய் விமானங்கள்மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டு, எல்லாரும் தலையில் சட்டையைப் போர்த்திக்கொண்டு கூடாரத்துக்குள் முண்டியடித்தார்கள். மழை தகரத்தில் அரிசி கொட்டியதுபோல் கூடாரத்தின்மேல் விழுந்தது. வெளியே போக வழியில்லை. பறக்க வழியில்லை. விமானக்காரர்கள் அப்படி அடைபட்டால் ஒன்றுதான் செய்வார்கள். பேச்சு ஆரம்பித்தது.

மெசஞ்சரில் வந்திருந்த ஒரு தம்பதி, தேனிலவுக்கு அதே விமானத்தில் பிரான்ஸுக்குப் போன கதையைச் சொன்னார்கள். "இவர் வழி தவறி ஒரு மாட்டுப் பண்ணையில இறக்கிட்டாரு," என்றாள் மனைவி. "பண்ணைக்காரர் துப்பாக்கியோட வந்தாரு. கல்யாண உடுப்புல என்னைப் பார்த்ததும் துப்பாக்கியப் போட்டுட்டு ஒயின் எடுத்துட்டு வந்தாரு."

"வழி தவறல. காத்து தள்ளிடுச்சு," என்றார் கணவர்.

"முப்பது மைலா?"

நெரிஸ் தன் முதல் டைகர் மாத் பயணத்தைச் சொன்னாள். தலைகீழாகச் சுழன்றபோது ஒரு காலணி கழன்று விழுந்துவிட்டதாம். "கீழே ஒரு பாதிரியார் தோட்டத்துல செடி வெட்டிக்கிட்டு இருந்தாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தச் செருப்பப் பிரசங்க மேடைல வச்சு, இது யாரோடதுன்னு கேட்டாரு. நான் எழுந்திருக்கவே இல்லையே! ஒத்தச் செருப்போட எப்படி எழுந்திருப்பேன்?"

சிரிப்பில் கூடாரமே ஆடியது. ஹெட்டி ஒரு மூலையில், ஈரக் கோட்டோடு, இரண்டு பக்கமும் முன்பின் தெரியாத தோள்கள் இடிக்க நின்றுகொண்டு சிரித்தாள். தன்னைப்போல நூறு பேர் ஒரே கூரைக்கடியில் இருப்பார்கள் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை.

"மான்ட்டி! இப்ப உன் முறைடா!" என்று ஒரு குரல் கேட்டது. குரல் கொடுத்தவர் பியர்ஸ் ஓல்டேக்கர். ஒல்லியான மனிதர். கழுத்தில் பட்டுத்துணி. அங்கே நின்ற டைகர் மாத்களில் மிகவும் பளபளப்பானது அவருடையது.

பெஞ்சிலிருந்து ஒரு பெரிய உருவம் எழுந்தது. மான்ட்டி த்ரெட்கோல்டு கால்நடைச் சந்தையில் ஏலம் விட்டுப் பழகியவர். மழைச் சத்தத்தை அமுக்க அவருக்குத் தொண்டையைச் செருமினால் போதும்.

"நான் அப்ப சின்னப் பையன். சட்டன் ஹேவன் கடற்கரை. கோடை விடுமுறை..."

"ஆரம்பிச்சிட்டான்யா," என்றார் பியர்ஸ். "இந்த வருஷம் எஞ்சின் எத்தனை தடவை நிக்குதுன்னு பார்ப்போம்."

"ஒரே தடவைதான் நின்னுச்சு!"

"போன வருஷம் இருமத்தானே செஞ்சுது?"

"இருமிட்டு நின்னுச்சு. பேச விடுய்யா. மணல்மேட்டுக்குப் பின்னாடி புல்தரை. அதுல சிவப்பும் கிரீமுமா ஒரு ஆஸ்டர். ஒரு சுத்து சுத்திக் காட்டுவாங்க. எங்க சித்தப்பா முன்சீட்ல, விமானி பக்கத்துல. நான் பின்சீட்ல. எனக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு."

ஹெட்டியின் கையில் தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"கடலுக்கு மேல போனோம் பாருங்க, எஞ்சின் இருமுச்சு. விமானி முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போச்சு. இந்தப் பொண்ணு கத்துறா, கத்துறா, காது கிழியுற மாதிரி கத்துறா. நான் என்ன செஞ்சேன்? அவ கையப் பிடிச்சுக்கிட்டு, 'பயப்படாதே, நான் இருக்கேன்'னேன். அவ்வளவுதான். கப்புனு அடங்கிட்டா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், எனக்கும் ஒரு ஆஸ்டர்தான்னு."

கைதட்டினார்கள். வருஷா வருஷம் கேட்டாலும் தட்டுவார்கள்போல இருந்தது. கைதட்டல் ஓய்ந்த இடைவெளியில் ஹெட்டி தன் குரலைத் தானே கேட்டாள்.

"அந்த விமானி இடுப்புல என்ன கட்டியிருந்தார்?"

தலைகள் திரும்பின. மான்ட்டி கண்ணைச் சிமிட்டினார். "என்ன கேட்டீங்க?"

"பேன்ட் நழுவாம இருக்க, பெல்ட்டுக்குப் பதிலா ஒண்ணு கட்டியிருந்தாரே. என்னது?"

 இந்த விவரத்தை மான்ட்டி எந்த வருஷமும் சொன்னதில்லை.

"டை," என்றார் மெதுவாக. "கோடு போட்ட டை."

"நீலக் கோடு."

"இல்லைங்க. பச்சை."

"பச்சைதான். சும்மா சோதிச்சுப் பார்த்தேன்," என்றாள் ஹெட்டி.

மான்ட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "இருங்க இருங்க. பின்சீட்ல நடுவுல என்ன இருந்துச்சு?"

"நாய். விமானியோட நாய். ஒரு காது மடங்கினது."

"பேரு?"

"மார்மலேட்."

"ஐயோ, மார்மலேட்!" என்று மான்ட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐம்பது வருஷமா அந்த நாய் பேரு என் நாக்கு நுனிலயே நிக்குது! நீங்க... நீங்கதானா அந்தப் பொண்ணு? கேட்டுக்கங்கய்யா எல்லாரும்! நான் காப்பாத்தின பொண்ணு!"

"காப்பாத்தினீங்களா?" ஹெட்டிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தது. "சார், அந்த எஞ்சின் இருமவே இல்லை. தையல் மெஷின் மாதிரி ஓடுச்சு. இருமினது நீங்க! இருமலோட நின்னிருந்தாலாவது பரவாயில்ல. என் மடியில வைக்கோல் தொப்பி ஒண்ணு இருந்துச்சு. டெய்சிப்பூ வச்சது. புத்தம் புதுசு. அதுக்குள்ள நீங்க என்ன பண்ணினீங்கன்னு இவங்களுக்குச் சொல்லட்டுமா?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை.  கூடாரம் சிரிப்பில் வெடித்தது. நெரிஸ் கரண்டியைக் கீழே போட்டாள். பியர்ஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. "காலைல சாப்பிட்டது என்னன்னு கேளுங்கம்மா!" என்று மட்டும் அவரால் சொல்ல முடிந்தது.

"கருவாடு," என்றாள் ஹெட்டி. "அது எனக்கு இன்னும் மறக்கல."

மான்ட்டியின் முகம் சிவந்து, பிறகு பிளம் பழ நிறத்துக்குப் போனது. சண்டைக்கு வருவார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவரோ எல்லாருடைய சிரிப்புக்கும் நடுவில் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். குரல் இறங்கி, 'நீங்க' போய் 'நீ' வந்தது.

"நீ அந்தத் தொப்பிய ஜன்னல் வழியா விட்டுட்ட."

"கடல்ல."

"இறங்கினதும் எங்க சித்தப்பா, தொப்பி எங்கம்மான்னு கேட்டாரு. காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொன்ன. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல."

"அத்தைகிட்ட காது திருகல் எனக்குத்தான் கிடைச்சுது."

"ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல?"

ஹெட்டி யோசித்தாள். இத்தனை வருஷத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "சொன்னா நீ அழுதிருப்ப. ஒரே சத்தமாயிருக்கும். நான் அப்ப தரையில இறங்கியிருந்தாலும் இன்னும் மேலயேதான் இருந்தேன். யாரும் என்னைக் கூப்பிட்டுடக் கூடாதுன்னு இருந்துச்சு."

மான்ட்டி தலையை ஆட்டினார். "கடல் அப்படியே சாய்ஞ்சு எழுந்து நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?"

"சுவர் மாதிரி! நான் கொட்டிடும்னு நினைச்சேன்."

"மணல்ல கழுதைங்க..."

"எறும்பு வரிசை!"

"அப்புறம் அந்த விமானி திரும்பிப் பார்த்து..."

"'இன்னொரு சுத்து போகலாமா'ன்னாரு! நீ வேணாம்னு தலையாட்டின, நான் போகலாம்னு தலையாட்டினேன்!"

"அவரு உன் தலையத்தான் பார்த்தாரு. பாவி!"

இருவரும் சின்னப் பிள்ளைகள்போல ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிக்கொண்டு பேசினார்கள். நடுவில் ஹெட்டி தன் பெயரையும், பேருந்து ஓட்டியதையும், பப் ஓட்டியதையும் சொல்லி முடித்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் இந்த வாயையும் அந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எப்போது மழை விட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. நெரிஸ்தான் கூடாரத் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "வெயில் வந்தாச்சு! மாவு குண்டுப் போட்டி! எல்லாரும் கிளம்புங்க!" என்று கத்தினாள்.

மாவு குண்டுப் போட்டியின் விதி எளிது. திடலின் நடுவில் ஒரு பழைய குளியல் தொட்டி. ஒருவர் ஓட்ட, ஒருவர் தாழப் பறக்கும் விமானத்திலிருந்து மாவு கட்டிய காகிதப் பையைப் போட வேண்டும். யார் பை தொட்டிக்கு மிகப் பக்கத்தில் விழுகிறதோ அவருக்குக் கோப்பை. கோப்பை கொஞ்ச வருஷமாகப் பியர்ஸ் வீட்டு அலமாரியிலேயே இருந்தது.

"எனக்குப் பை போடுறவனுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு வரல," என்றார் மான்ட்டி. "நீ வர்றியா?"

ஹெட்டி பதில் சொல்வதற்குள் அவள் கால்கள் ஆஸ்டரை நோக்கி நடந்துகொண்டிருந்தன. "இது அதே விமானமா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. அது ஸ்காட்லாந்துல ஏதோ கொட்டகை சரிஞ்சு நசுங்கிப்போச்சாம். இது அதுக்குத் தங்கச்சி. நிறம் மட்டும் நான் ஞாபகத்துலயிருந்து அடிச்சேன்."

"கோடு இன்னும் கொஞ்சம் ஒல்லியா இருந்துச்சு."

"ஏறும்மா முதல்ல!"

முன்னால் இரண்டு இருக்கைகள். இடதுபுறம் மான்ட்டி, வலதுபுறம் ஹெட்டி. இரண்டு பேர் காலுக்கு நடுவிலும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கம்பு. பிரேக் மட்டும் மான்ட்டியின் குதிகால் பக்கம். அவளுடைய பப்புக்கு மூக்குக்கடியில் சக்கரம் உண்டு, கார்போல ஓடும். இது வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்காரும் ஜாதி. அந்த ஜாதியை அவள் இறக்கியதே இல்லை. அதைப் பற்றி இப்போது என்ன என்று மடியில் இரண்டு மாவுப் பைகளை வைத்துக்கொண்டாள்.

விமானத்தின் மூக்கிலிருந்த காற்றாடியைக் கையால் சுற்றிவிட வந்தவர் பியர்ஸ். அவர் தன் சுற்றை முடித்துவிட்டிருந்தார், பை தொட்டிக்கு ஓர் ஆள் நீளத்தில் விழுந்திருந்தது. "அம்மணி, இந்தத் தடவை இரும்பு வாளியா எடுத்துக்கிட்டுப் போங்க!" என்று கத்திவிட்டுக் காற்றாடியை இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் இருக்கையின் வழியாக முதுகெலும்பில் ஏறியபோது, ஹெட்டி தன்னையறியாமல் "ஓஹோ!" என்று கத்திவிட்டாள்.

வால் எழும்பியது. ஈரப்புல் சக்கரத்தில் சரசரத்தது. பிறகு சரசரப்பு நின்றது. அவ்வளவுதான், மேலே இருந்தார்கள். பார்லி வயல்கள், நீர் நிறைந்த வாய்க்கால்கள், தேவாலயக் கோபுரம் எல்லாம் மழையில் கழுவிப் பளபளத்தன.  ஹெட்டி கன்னம் வலிக்கும் வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலத் திற! திரும்பி வர்றோம்!" என்றார் மான்ட்டி. மூக்குக் கண்ணாடி தொல்லை தருகிறது என்று நெற்றிமேல் தள்ளிக்கொண்டார். ஹெட்டி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலைத் தள்ளினாள். காற்று அறைந்தது. கீழே தொட்டி வெள்ளைப் புள்ளியாக வந்துகொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... இப்ப போடு!"

ஹெட்டி பையை வெளியே நீட்டினாள். காற்று அதை அவள் கையோடு பின்னால் தள்ளி, ஜன்னல் விளிம்பில் அறைந்தது. மழைச் சாரலில் நனைந்திருந்த காகிதம் பட்டென்று கிழிந்தது. மாவு கீழே போகவில்லை. மொத்தமும் உள்ளே வந்தது. ஒரு கணம் விமானத்துக்குள் எதுவும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. இருமலுக்கு நடுவில் மான்ட்டியின் குரல் கேட்டது.

"கண்ணு! ஐயோ, கண்ணு தெரியல! ஹெட்டி, கம்பப் பிடி!"

அவள் பிடித்தாள். இன்னொரு பை மடியில் கம்புக்குக் குறுக்கே கிடந்தது. எங்கே இருக்கிறோம் என்று பார்க்க நேரமில்லாமல், அதை எடுத்து ஜன்னல் வழியாக வீசினாள். எஞ்சின் வேகம் கூட த்ராட்டிலைத் தள்ளினாள். மூக்கைத் தூக்கினாள். கோபுரம் ஒரு பக்கமாக நழுவிப் போனது. ஜன்னல் வழியாக மாவு புகைபோல வெளியேற, மெல்ல மெல்ல வானம் தெரிந்தது.

"எதாவது தெரியுதா?"

"நெருப்பு வச்ச மாதிரி எரியுது. திறக்கவே முடியல." மான்ட்டி சட்டை நுனியால் கண்ணைக் கசக்கினார். அவர் மீசை, புருவம், காது எல்லாம் வெள்ளை.

"கசக்காதய்யா! இன்னும் உள்ள போகும். நாம சுத்திக்கிட்டே இருப்போம், சரியாகட்டும்."

"சுத்திக்கிட்டே இருக்க முடியாது. பெட்ரோல் அதிகம் ஊத்தல இன்னைக்கு. இறக்கிடு."

"நான் வால் சக்கரத்துல இறக்கினதே இல்ல!"

"பேருந்து ஓட்டினவதானே?"

"பேருந்து இப்படிப் பின்னால உட்காராது!"

"கேளு. வேகம் குறைஞ்சுக்கிட்டே வரட்டும். தரை பக்கத்துல வந்ததும் கம்ப உன் வயித்துக்கு இழு, இழு, இழுத்துக்கிட்டே இரு. அது பறக்க மாட்டேன்னு சொல்லும்போது தரைல இருக்கணும். பிரேக் என் கால்ல இருக்கு. எந்தப் பக்கம்னு நீ சொல்லு, நான் மிதிக்கிறேன்."

ஹெட்டி உதட்டில் ஒட்டியிருந்த மாவை நக்கிக்கொண்டாள். ஷெஃபீல்டின் செங்குத்தான தெருக்களில், பனிக்கட்டியில், நிறைந்த பேருந்தை இறக்கியிருக்கிறாள். அப்போதெல்லாம் பயம் எவ்வளவு இருந்தாலும் கை மட்டும் அமைதியாக இருக்கும். இப்போதும் கை அமைதியாக இருந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

திடலுக்கு நேராக வந்தாள். கூரையில் இருந்த, வேகத்தைக் குறைக்கும் நெம்புகோலை இழுத்ததும் விமானம் தயங்கியது. வேலி கடந்தது. புல் மேலே வந்தது. அவள் இழுத்தாள். டம்! ஆஸ்டர் ஆட்டுக்குட்டிபோல எகிறியது.

"இழுத்துக்கிட்டே இரு!"

டம். மறுபடி காற்றில். டம். இந்தத் தடவை தரையிலேயே நின்றது. நின்ற மறுகணமே வலதுபக்கமாகத் திரும்பப் பார்த்தது. அங்கே டைகர் மாத் வரிசை.

"இடது! இடது மிதி!" மான்ட்டி மிதித்தார். "போதும், விடு! வலது கொஞ்சம்! கொஞ்சம்னேன்! இடது!" ஆஸ்டர் குடித்தவன்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து ஓடியது. "ரெண்டும் மிதி! ரெண்டும்!"

நின்றது. எஞ்சினை நிறுத்தினாள். காற்றாடி கிளிக்கென்று ஓய்ந்தது. வானம்பாடி ஒன்று எங்கோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

"இறங்கிட்டமா?" என்றார் மான்ட்டி.

"இறங்கிட்டோம்."

"ரெண்டு பேரும் உயிரோட?"

"இருமிப் பாரு."

அவர் இருமினார். மாவு பறந்தது. அதைப் பார்த்து ஹெட்டிக்குச் சிரிப்பு வந்தது, அவள் சிரிப்பைக் கேட்டு அவருக்கும். கதவைத் திறந்துகொண்டு நெரிஸ் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வந்தபோது இரண்டு வெள்ளைப் பூதங்கள் ஒன்றையொன்று தோளில் அடித்துக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன.

கண்ணைக் கழுவ அரைமணி நேரம் ஆயிற்று. கூட்டத்தில் மருத்துவமனைச் செவிலி ஒருத்தி இருந்தாள். பார்த்துவிட்டு, சிவந்திருக்கிறது, ஆனால் சேதம் ஒன்றுமில்லை என்றாள். மான்ட்டி கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது பியர்ஸை. அவர் பாதி வெள்ளையாக நின்றுகொண்டிருந்தார். பட்டுத்துணி, தலைமுடி, கையில் இருந்த ஷாம்பெயின் கோப்பை எல்லாவற்றிலும் மாவு.

"உனக்கு என்னய்யா ஆச்சு?"

"உங்க ரெண்டாவது பை," என்றார் பியர்ஸ், கம்பீரத்தை விடாமல். "என் மேசை நடுவுல. சால்மன் மீன் தட்டுல. கோப்பை எனக்குத்தான்னு கொண்டாடிக்கிட்டு இருந்தேன்."

"குறி பார்த்துப் போட்டாகூட அப்படி விழுந்திருக்காது," என்றாள் ஹெட்டி. "மன்னிச்சுடுங்க."

"மன்னிக்கிறதாவது! உயிரோட இருக்குறவரைக்கும் சொல்லித் திரிவேன். ஆகாசத்துலயிருந்து அடிச்சாங்கன்னு." பியர்ஸ் மாவு படிந்த கோப்பையை அவளிடமே நீட்டினார். அவள் ஒரே மடக்காகக் குடித்தாள். மாவுக் கட்டி ஒன்று தொண்டையில் போயிற்று.

நெரிஸ் தீர்ப்புச் சொன்னாள். தொட்டிக்குப் பக்கத்தில் போட்டதற்குப் பியர்ஸுக்குக் கோப்பை. விமானத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டவர்களுக்கு ஆளுக்கொரு தேநீர். யாரும் மறுக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டம் கலையத் தொடங்கியது. ஒவ்வொரு விமானமாகக் கிளம்பி, திடலுக்கு மேலே இறக்கையை ஆட்டிவிட்டுப் போயிற்று. ஹெட்டியும் மான்ட்டியும் ஆளுக்கொரு துடைப்பத்தோடு ஆஸ்டருக்குள்ளிருந்து மாவைப் பெருக்கித் தள்ளினார்கள்.

"நல்லா இறக்கின," என்றார் மான்ட்டி, பெருக்குவதை நிறுத்தாமல்.

"ரெண்டு தடவை குதிச்சேன்."

"மூணு. கண்ணு தெரியாததால எண்ணுறதத் தவிர எனக்கு வேற வேலை இல்ல." அவர் நிமிர்ந்தார். "ஹெட்டி, இத்தனை வருஷமா நான் அந்தக் கதைய ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியுமா? முதல் தடவை சொன்னப்போ வெட்கமா இருந்துச்சு. மாத்திச் சொன்னேன். அப்புறம் அதுவே நிஜமாப்போச்சு. ஆனா உண்மை இன்னும் நல்லா இருக்கு."

"உண்மைல உனக்கு மரியாதை கம்மி."

"கூட்டத்துல சிரிப்பு அதிகம். அது போதும்." துடைப்பக் கட்டையால் இறக்கையின் துணியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "வாரத்துல ஒரு நாள் இது வெறுமனே நிக்குது. வந்து ஓட்டுறியா? வால் சக்கரத்துக்குப் பழகினதும் தனியாவே எடுத்துட்டுப் போ."

ஹெட்டி துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"எந்த வாரம்?"

"அடுத்த..."

"வெளிச்சம் இன்னும் நிறைய இருக்கு."

மான்ட்டி அவளைப் பார்த்தார். சிவந்த கண்ணோடு சிரித்தார். "பெட்ரோல் ஊத்து. இந்தத் தடவை நீ இடதுபக்கம்."

செவிலி நல்ல கண்ணோடு இருப்பவர் ஒருவரும் கூட வர வேண்டும் என்று அடம்பிடித்ததால் பியர்ஸ் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். பப்பில் கற்றுக்கொண்டதில் பாதியை மறக்க வேண்டியிருந்தது. முதல் இறக்கத்தில் மூன்று குதிப்பு. பின்சீட்டிலிருந்து, "நான் உயில் எழுதல!" என்று குரல் வந்தது. அடுத்ததில் ஒரே குதிப்பு. "கொஞ்சம் முன்னாடியே இழுக்குற," என்றார் மான்ட்டி. "அது சொல்லட்டும். நீ அவசரப்படாதே."

மறுபடி சுற்றி வந்தார்கள். சூரியன் வாய்க்கால்களில் சாய்ந்து கிடந்தது. வேலி தாண்டியது. ஹெட்டி காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள். புல் முனைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அப்போது கம்பு கையில் தளர்ந்து கனமற்றுப் போனது, இழுத்தாள், மூன்று சக்கரங்களும் ஒரே சமயத்தில் தரையை உரசின. சத்தமே இல்லை. புல்லின் சரசரப்பு மட்டும்.

பியர்ஸ் பின்சீட்டிலிருந்து எட்டி அவள் தோளைத் தட்டினார்.

"சரி, பிரேக் போடு," என்றார் மான்ட்டி கடைசியில். "சாப்பிடப் போகலாம்."

"நீங்க ரெண்டு பேரும் வேணும்னா இறங்கிக்கங்க," என்று சொல்லிக்கொண்டே ஹெட்டி த்ராட்டிலை முன்னால் தள்ளினாள். பியர்ஸ் ஏதோ கத்தினார். எஞ்சினின் இரைச்சலில் அது கேட்கவில்லை. ஆஸ்டரின் வால் மறுபடியும் எழும்பிவிட்டிருந்தது.